காம்பினேஷன் சருமம்: நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி – முழுமையான வழிகாட்டி

காலை எட்டு மணிக்கு முகம் கழுவிவிட்டுக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் மூக்கும் நெற்றியும் பளபளக்கும். அதே நேரத்தில் கன்னத்தைத் தொட்டால் சொரசொரப்பு. சிரித்தால் தோல் இழுக்கும். எண்ணெய்ப் பசைக்கான ஃபேஸ்வாஷ் போட்டால் கன்னம் எரிகிறது. வறட்சிக்கான க்ரீம் தடவினால் மூக்கோரத்தில் பரு கிளம்புகிறது.

இதைச் சமாளிக்க முதலில் விட வேண்டியது, முகம் முழுக்க ஒரே பொருளை ஒரே அளவில் அப்பும் பழக்கம். அதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'எனக்குக் காம்பினேஷன் சருமம்' என்று வருகிற பலருக்கு உண்மையில் இருப்பது எண்ணெய்ச் சருமம்தான். சோப்பும் ஸ்க்ரப்பும் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தைப் புண்படுத்தி வைத்திருப்பார்கள். இந்த இரண்டில் உங்களுடையது எது என்று தெரியாமல் சீரம் வாங்கிக் குவித்தால் காசுதான் கரையும்.

ஒரே முகத்தில் ஏன் இரண்டு விதம்

எண்ணெய்ச் சுரப்பிகள் உடம்பெங்கும் ஒரே சீராக இல்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையவே கிடையாது. முகத்திலும் தலையிலும்தான் அதிக நெருக்கம்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கும். முகத்துக்குள்ளும் நெற்றி, மூக்கு, தாடை நுனி ஆகிய இடங்களில் சுரப்பிகள் பெரிதாக இருக்கும், அதிகமாகவும் சுரக்கும். இதைத்தான் டி-ஸோன் என்கிறார்கள். கன்னமும் தாடையோரமும் யு-ஸோன். இந்த வேறுபாடு எல்லார் முகத்திலும் உண்டு. சிலருக்கு இடைவெளி பெரிது, அவ்வளவுதான்.

சுரப்பிகளை இயக்குவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் திடீரென எண்ணெய் வழியத் தொடங்குவதற்கும், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் தாடையில் பரு வருவதற்கும், மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்கு முகம் முழுக்க வறண்டு போவதற்கும் ஹார்மோன் மாற்றங்களே காரணம். வெயில் ஏறி முகம் சூடானாலும் சுரப்பு கூடும். எண்ணெய்ச் சுரப்பை அடியோடு நிறுத்தும் க்ரீம் எதுவும் கிடையாது.

அடுத்து வருவதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தோலின் மேல் அடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கொழுப்பு வேறு, சுரப்பியிலிருந்து வழியும் எண்ணெய் வேறு. முதலாவது செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது. தோல் செல்களே அதை உண்டாக்குகின்றன. இந்த அரண் சிதைந்தால் ஈரம் ஆவியாகி வெளியேறும், தோல் இழுக்கும், எரியும். சுரப்பி பாட்டுக்கு எண்ணெயைச் சுரந்துகொண்டே இருக்கும். முகம் வழுவழுவென்று மின்னியும் உள்ளே வறண்டு கிடப்பது இதனால்தான். 'எண்ணெய்தான் இவ்வளவு இருக்கே, மாய்ஸ்சரைசர் எதுக்கு?' என்ற கேள்விக்கும் பதில் இதுவே.

'அடிக்கடி கழுவினால் சுரப்பி பதறிப்போய் இன்னும் அதிகம் சுரக்கும்' என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சுரப்பி கேட்பது ஹார்மோன் பேச்சை. மேலே எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கழுவித் துடைத்த எண்ணெய் சில மணி நேரத்தில் எப்படியும் திரும்பி வந்துவிடும். ஆகவே ஐந்து தடவை கழுவுவதால் எண்ணெய் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. பாதிக்கப்படுவது கன்னம் மட்டுமே.

டிஷ்யூ சோதனை: சரியாகச் செய்யும் முறை

வீட்டில் இருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏசி வேண்டாம், ஃபேன் போதும். மிதமான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அடுப்படிப் பக்கம் போகாதீர்கள்.

பிறகு வாசனை இல்லாத சாதாரண டிஷ்யூ தாள் ஒன்றை எடுத்து, அதன் அடுக்குகளைப் பிரித்து ஒற்றைத் தாளாக்கி, ஐந்து துண்டாகக் கிழியுங்கள். நெற்றி, மூக்கு, தாடை நுனி, இரண்டு கன்னம் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பத்து விநாடி அழுத்தி வைத்தால் போதும், தேய்க்கக் கூடாது. எந்தத் துண்டு எந்த இடம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் ஊர் வெயில் ஏமாற்றும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வைகாசி மாதத்தில் எந்த இடத்தில் ஒற்றினாலும் தாள் நனையும்; அது வியர்வை. துண்டுகளை மேசையில் பரப்பிப் பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வியர்வைத் தடம் காய்ந்து மறைந்திருக்கும். எண்ணெய் பட்ட இடம் மட்டும் வடைத்தாள் போல ஒளி ஊடுருவத் தெரியும்.

நெற்றி, மூக்கு, தாடைத் துண்டுகளில் தடம் இருந்து, கன்னத் துண்டுகள் சுத்தமாக இருந்தால் காம்பினேஷன் சருமம். ஐந்திலும் தடம் இருந்தும் கன்னம் இழுத்தால் அது எண்ணெய்ச் சருமம், அரண் சிதைந்திருக்கிறது. எதிலும் இல்லையென்றால் வறண்ட சருமம். மூக்கில் மட்டும் லேசாக இருந்தால் சாதாரணச் சருமம். நீங்கள் இந்த வழிகாட்டியில் பாதியைத் தாண்டிப் போகலாம்.

முதல் இரண்டு வாரம்: எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

சோதனை முடிந்ததும் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மூன்றே பொருள்: மிதமான க்ளென்சர், சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். ஸ்க்ரப், டோனர், ஆசிட், வைட்டமின் சி, ஃபேஸ்பேக், ப்ளீச், மூக்கில் ஒட்டி உரிக்கும் ஸ்ட்ரிப் எல்லாம் அலமாரிக்குப் போகட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து மட்டும் விதிவிலக்கு. அதை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து டிஷ்யூ சோதனையை மறுபடி செய்யுங்கள். கன்னத்தின் இழுப்பும் எரிச்சலும் போய்விட்டால் அது சோப்பின் கைவரிசை. இழுப்பு தொடர்ந்தால் உங்கள் கன்னம் இயல்பாகவே வறண்டது. இந்த விடை கையில் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

முகம் கழுவுதல்

நாளுக்கு இரண்டு முறை. காலையில் எழுந்ததும் முகம் அவ்வளவாக வழியவில்லை என்றால் வெறும் தண்ணீரே போதும், அல்லது டி-ஸோனுக்கு மட்டும் க்ளென்சர் போடலாம். இரவில் கட்டாயம். நடுவில் ஓடியாடி வியர்த்தால் தண்ணீரால் அலம்பி ஒற்றிக்கொள்ளுங்கள்.

குளிக்கிற சோப்பு முகத்துக்கு வேண்டாம். தோலின் இயல்பான பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 5-ஐ ஒட்டியது. சோப்பினுடையது 9 முதல் 10 வரை. 'அட்டையில் டிஎஃப்எம் 76 சதவீதம் போட்டிருக்கு, மென்மையானது' என்று கடையில் சொல்வார்கள். முதல் தரக் குளியல் சோப்புக்கு இந்தியத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச அளவுதான் அது. சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று அந்த எண் சொல்கிறதே ஒழிய, காரம் எவ்வளவு என்று சொல்லவில்லை. டிஎஃப்எம் 80 இருந்தாலும் சோப்பு சோப்புதான்.

வாங்க வேண்டியது சோப்பில்லாத க்ளென்சர். மருந்துக் கடையில் 'சின்டெட்' என்றோ 'சோப் ஃப்ரீ' என்றோ கேளுங்கள். நுரை குறைவாக வரும். அழுக்கு போகவில்லையோ என்று தோன்றும். போகும். பொருள் பட்டியலில் சோடியம் லாரில் சல்ஃபேட் முதல் நாலைந்து பெயர்களுக்குள் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், கோகமிடோப்ரோபைல் பீட்டைன் போன்றவை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும்.

கழுவும் வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கையை முதலில் கழுவிக்கொண்டு, முகத்தை வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். சுண்டைக்காய் அளவு க்ளென்சரை உள்ளங்கையில் நுரைத்து, முதலில் நெற்றி, மூக்கு, மூக்கோரப் பள்ளம், தாடை நுனியில் விரல் நுனியால் 30 முதல் 40 விநாடி தடவுங்கள். கன்னத்துக்குக் கடைசிப் பத்து விநாடி. மிச்சம் இருக்கும் நுரையே அதற்குப் போதும். நெற்றி மேலே முடி தொடங்கும் ஓரத்தையும் தாடைக்கு அடியையும் நன்றாக அலசுங்கள். அங்கே தங்கும் நுரையால் வரும் பொரிப்பொரியான பருக்களுக்கு ஆயிரம் வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை. கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வாளியில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் கன்னத்திலும் படிகிறது. சோப்பில்லாத க்ளென்சரில் இந்தப் படிவம் உண்டாவதில்லை. முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு குடிநீர் வைத்துக்கொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீனும் மேக்கப்பும் கெட்டியாகப் போட்ட நாளில் இரவு முதலில் மிசெல்லார் வாட்டர் (மேக்கப் அகற்றும் திரவம்) நனைத்த பஞ்சால் ஒற்றித் துடைத்துவிட்டுப் பிறகு கழுவலாம். தினமும் இரண்டு கட்டமாகக் கழுவ வேண்டும் என்ற அவசியம் இல்லை.

மாய்ஸ்சரைசர்: இடம் பார்த்து அளவு

துண்டால் ஒற்றியபின் முகத்தில் லேசான ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தடவ வேண்டும். ஒரே மாய்ஸ்சரைசர் வைத்தே இரண்டு பகுதியையும் பார்த்துக்கொள்ளலாம். ஜெல்-க்ரீம் பதத்தில், க்ளிசரின், நியாசினமைடு, செராமைடு உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கன்னம் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு பட்டாணி அளவு; டி-ஸோனுக்கு அரைப் பட்டாணி. முதலில் கன்னத்தில் தடவிவிட்டு, கையில் மீதம் இருப்பதை நெற்றிக்கும் மூக்குக்கும் இழுத்தால் அளவு தானாகவே சரியாக வரும்.

கன்னம் இயல்பாகவே வறண்டது என்று சோதனையில் தெரிந்தவர்கள் இரவில் அதன் மேல் மட்டும் இன்னொரு பூச்சு க்ரீம் தடவுங்கள். ஷியா பட்டர், பெட்ரோலாட்டம் உள்ள கெட்டியான க்ரீம் ஆனாலும் பரவாயில்லை, மூக்கிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே நிறுத்திக்கொண்டால் போதும்.

ஹயலுரானிக் ஆசிட் சீரம் எல்லார் மேசையிலும் இருக்கிறது. அதை ஈரமான முகத்தில் போட்டு, மேலே மாய்ஸ்சரைசரையும் போட வேண்டும். காய்ந்த முகத்தில் போட்டு ஏசி அறையில் உட்கார்ந்தால் தோல் இன்னும் இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள். விலை மலிவான க்ளிசரின் அதே வேலையைச் செய்யும் என்பதால் இது இல்லாமலும் ஒன்றும் குறைந்துவிடாது.

'நான்-காமெடோஜெனிக்' என்ற முத்திரையைப் பெரிதாக நம்ப வேண்டாம். அதற்கென்று சட்டப்படியான ஒரே வரையறை இல்லை. கம்பெனி தானே போட்டுக்கொள்வது.

சன்ஸ்கிரீன்: அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள்

மாநிறமும் கறுப்புமான நம் தோலில் பரு போனாலும் அதன் தழும்புக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். மங்கும் எளிதில் வரும். இரண்டையும் வெயில் ஆழப்படுத்தும். எஸ்பிஎஃப் (தோலைச் சுடும் கதிரைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல், பிஏ (யுவிஏ கதிரைத் தடுக்கும் அளவு) +++ அல்லது அதற்கு மேல் உள்ளது போதும். ஜெல் அல்லது திரவப் பதம் டி-ஸோனுக்கு உகந்தது.

அளவு: ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு. இது முகத்துக்கும் கழுத்துக்கும். சோதனைச்சாலையில் எஸ்பிஎஃப் கணக்கிடுவது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச்சில். பாதி தடவினால் பாதுகாப்பும் வெகுவாகக் குறையும். வீட்டுக் கணக்கு ஒன்று சொல்கிறோம். ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் செலவாக வேண்டும். ஆகவே தினம் ஒருமுறை போட்டாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை, இரண்டு மாதத்தில் தீர வேண்டும். உங்களுடையது ஆறு மாதமாக இருக்கிறதென்றால் நீங்கள் சன்ஸ்கிரீன் போடவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்ப் பிசுபிசுப்பு பொறுக்காதவர்கள், காலையில் டி-ஸோனில் மாய்ஸ்சரைசரை விட்டுவிட்டு நேரடியாகச் சன்ஸ்கிரீன் போடலாம். இரண்டு கோட்டையும் ஒரே தடவையில் அப்பாமல், ஒரு கோடு தடவி ஒரு நிமிடம் விட்டு அடுத்ததைத் தடவினால் திரியாது, வெள்ளை பூக்காது. வெளியில் நின்று வேலை பார்ப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். அதற்கு முன் எண்ணெயை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கும். சாதாரணச் சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை.

இனி, செயல்படும் பொருட்கள்

இரண்டு வார ஓய்வு முடிந்து கன்னம் அமைதியான பிறகே இவை. ஒரு நேரத்தில் ஒன்று. அடுத்ததற்கு இரண்டு வார இடைவெளி. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கை உட்பக்கத்தில் காலையும் மாலையும் ஐந்து, ஏழு நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது முகத்துக்கு வேண்டாம்.

டி-ஸோனுக்கு சாலிசிலிக் ஆசிட், 1 முதல் 2 சதவீதம். எண்ணெயில் கரையும் தன்மை இருப்பதால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால் மூன்று இரவு. மூன்று சொட்டு விரலில் எடுத்து நெற்றி, மூக்கு, தாடை நுனியில் மட்டும். கன்னத்தில் பரு இருந்தால் அந்தப் பருவின் மேல் மட்டும் தொட்டு வைக்கலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது.

முகம் முழுக்கப் போடத் தகுந்தது நியாசினமைடு. 2 முதல் 5 சதவீதம் போதும். எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் குறைக்கும், அரணையும் தேற்றும், கறுப்புத் தழும்பையும் மெல்ல வெளிறச் செய்யும். 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பதை வாங்கி எரிச்சல் பட வேண்டியதில்லை. உங்கள் மாய்ஸ்சரைசரிலேயே இருந்தால் தனிச் சீரம் தேவையில்லை. பருத் தழும்புக் கறுப்புக்கு அசெலாயிக் ஆசிட் 10 சதவீதம் நல்ல துணை. முதல் சில நாள் அரிப்பு போலக் குறுகுறுக்கும்.

ரெட்டினால் வகையைக் கடைசியில் பாருங்கள். வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசர் தடவிய மேல். கண்ணோரம், உதட்டோரம், மூக்கோரப் பள்ளம் விட்டுவிட்டு. சாலிசிலிக் போடும் இரவில் இதைப் போடாதீர்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் வகை எதையும் போடக் கூடாது.

எதுவாக இருந்தாலும் பலனைக் கணக்குப் பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். தோலின் மேலடுக்கு மாறவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

மூக்கின் மேல் வரிசையாகத் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவை கரும்புள்ளி அல்ல. எண்ணெய் வெளிவரும் வழியை நிரப்பியிருக்கும் இயல்பான இழை. அழுத்தினால் மாவு நிறத்தில் மெல்லிய நூல் போல வரும், சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி நிரம்பும். உண்மையான கரும்புள்ளி தனித்தனியாக, சற்றே மேடாக, நுனி நல்ல கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பும் அழுக்கு அல்ல. நிறமியும் காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும்தான். இழைகளை ஸ்ட்ரிப் ஒட்டிப் பிடுங்குவது வீண் வேலை. சாலிசிலிக் ஆசிட் அவற்றின் தோற்றத்தை மட்டுப்படுத்தும், ஒழிக்காது. ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதும் சரியல்ல. துவாரத்துக்குத் திறந்து மூடும் தசை கிடையாது.

சமையலறைப் பொருட்கள்

முல்தானி மட்டி டி-ஸோனுக்கு உதவும், கன்னத்துக்கு உதவாது. ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் குழைத்து, நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் எட்டு முதல் பத்து நிமிடம். வெடிப்பு விட்டுக் காயும்வரை வைத்திருப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. தொட்டால் இன்னும் ஒட்டும் பதத்திலேயே அலசிவிடுங்கள். வாரம் ஒருமுறை.

கடலைமாவும் பயத்தம்மாவும் சலித்து நைஸாக இருந்தால், குழைத்துப் பூசி அலசலாம். தேய்த்தால் அது ஸ்க்ரப் ஆகிவிடும். கற்றாழையை மடலை வெட்டியதும் அப்படியே முகத்தில் தேய்க்கக் கூடாது. வெட்டிய முனை கீழே இருக்குமாறு பதினைந்து நிமிடம் நிறுத்தினால் மஞ்சள் பால் வடியும். அதுதான் அரிப்பைத் தருவது. தோல் சீவி, உள்ளே இருக்கும் ஜெல்லை நன்றாகக் கழுவிய பிறகே தடவுங்கள்.

எலுமிச்சைச் சாறு அறவே கூடாது. பிஎச் 2-ஐ ஒட்டிய அமிலம் அது. போதாததற்கு, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளித்துக் கறுத்துவிடவும் கூடும். சமையல் சோடா, பற்பசை இரண்டும் பருவுக்கு மருந்தல்ல. தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும் வகை. பருவே வராத வறண்ட கன்னம் என்றால் இரவில் ஒரு சொட்டு தாங்கும். டி-ஸோன் பக்கம் வரக் கூடாது.

தலையிலிருந்து இறங்கும் எண்ணெயையும் இதே கணக்கில் சேருங்கள். தினம் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர்களுக்கு நெற்றி மேலோரத்தில் சிறுசிறு பருக்கள் நெருக்கமாக வரும். எண்ணெயைக் குளிக்கும் முன் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றுங்கள். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெளிறலோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அதன் பசையில் உள்ள ரசாயனம் அந்த இடத்தில் நிறத்தையே அழிக்கக் கூடும்.

பருவத்துக்குத் தக்க மாற்றம்

சித்திரை, வைகாசியில் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கும். காலையில் மாய்ஸ்சரைசர் கன்னத்துக்கு மட்டும் போதும். ஆனால் நாள் முழுக்க ஏசியில் உட்காருபவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. அவர் கன்னத்துக்கு ஆண்டு முழுக்க மார்கழிதான். மதியம் ஒருமுறை கன்னத்தில் கொஞ்சம் மாய்ஸ்சரைசரை ஒற்றிக்கொள்ளலாம். மார்கழி, தை மாதங்களிலும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களிலும் சாலிசிலிக் இரவைப் பாதியாகக் குறைத்து, க்ரீமைக் கெட்டியாக்குங்கள். சன்ஸ்கிரீன் எந்த மாதத்திலும் நிற்காது.

ஆண்கள் கவனிக்க வேண்டியது ஷேவிங். பிளேடு ஓடுவது பெரும்பாலும் வறண்ட பகுதியில். குளித்த கையோடு, முடி வளரும் திசையிலேயே, ஷேவிங் க்ரீமோடு மழித்து, ஆல்கஹால் இல்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எரிகிற ஆஃப்டர் ஷேவ் வேண்டாம். ஆசிட் போட்ட மறுநாள் காலை ஷேவிங்கைத் தவிர்ப்பது நல்லது. ஹெல்மெட் வார் உரசும் தாடையில் பரு வந்தால் வாரையும் உள்ளுறையையும் துவையுங்கள்.

எங்கே கெடுகிறது

முகம் கண்ணாடி போல மின்னுகிறது, ஆனால் இழுக்கிறது. வழக்கமான மாய்ஸ்சரைசர்கூட எரிகிறது. இது ஆசிட் மிதமிஞ்சிப் போனதன் அடையாளம். மறுபடி மூன்று பொருளுக்கு இறங்கி, எரிச்சல் முழுக்கப் போகும்வரை, இரண்டு முதல் நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

ரெட்டினாலோ ஆசிடோ தொடங்கியதும், வழக்கமாகப் பரு வரும் இடங்களில் சில வாரம் கூடுதலாக வந்து அடங்கினால் அது எதிர்பார்க்கக்கூடியது. இதுவரை பருவே வராத இடத்தில், அரிப்போடும் சிவப்போடும் வந்தால் அது ஒவ்வாமை அல்லது எரிச்சல். அந்தப் பொருளை நிறுத்துங்கள்.

காம்பினேஷன் சருமம் போல வேடம் போடும் நோய்களும் உண்டு. மூக்கோரப் பள்ளத்திலும் புருவத்திலும் மஞ்சள் சாயலில் எண்ணெய்ப் பசையோடு செதில் உரிந்து, அடியில் சிவந்தோ வெளிறியோ இருந்தால் அது வறட்சி அல்ல, செபோரிக் டெர்மடைடிஸ். தலையில் பொடுகும் சேர்ந்தே இருக்கும். வறட்சி என்று எண்ணித் தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தேய்த்தால், அங்கே வாழும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கு நாமே தீனி போடுகிறோம். கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து அதற்கு வேலை செய்யும். நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு, கொத்தாக வரும் சின்னப் பருக்களும் இதே ஈஸ்டின் வேலையாக இருக்கலாம். சாதாரணப் பருக் க்ரீமுக்கு அவை அசையா.

இன்னொன்று, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் 'முகம் வெளுக்கும்' ட்யூப். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது எழுதியிருந்தாலும் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும்; மாதங்கள் போனால் தோல் மெலிந்து சிவக்கும், பூனைமுடி வளரும், நிறுத்தினால் எரிந்து பருவாகக் கிளம்பும். 2018-இல் இந்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் கிடைக்கத்தான் செய்கிறது. மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் தாங்களாக நிறுத்திப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போவதே பாதுகாப்பு.

வலியோடு உள்ளே புதைந்த கட்டிப் பரு, பள்ளம் விழும் தழும்பு, மூன்று மாதம் முறையாகச் செய்தும் குறையாத பரு ஆகியவற்றுக்கும் மருத்துவர்தான். தாடையோரப் பருவோடு மாதவிடாய் தள்ளிப் போவதும் முகவாயில் கெட்டி முடி முளைப்பதும் சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை தொடர்பான ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகிற அன்று முகத்தில் எதுவும் தடவாதீர்கள். இதுவரை போட்ட ட்யூப், பாட்டில் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பொருள் பட்டியலே அச்சிடாத டப்பாவில், பியூட்டி பார்லரிலோ ஆன்லைனிலோ வாங்கிய நைட் க்ரீம் ஏதாவது இருந்தால் அதை முதலில் காட்டுங்கள். அந்த மாதிரி க்ரீம்களில் ஸ்டீராய்டு மட்டுமல்ல, பாதரசமும் கலந்திருப்பது உண்டு.